மூன்றாவது மூடி ஆயில்

"செத்துப்போன எஞ்சினுக்கு எதுக்கும்மா வைத்தியம்?" என்று அவர் கேட்டதும் அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

என் முனைவர் பட்ட ஆய்வை மேற்பார்க்கும் குழுவின் கூட்டம் அது. சென்னைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி. கேட்டவர் குழுவின் மூத்த உறுப்பினர், வெளியிலிருந்து வருகிறவர். வாழ்நாளெல்லாம் எஞ்சின்களோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவர். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குள் வாயு எப்படிப் பாய்கிறது என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்த்து, அது கக்குகிற புகையைக் குறைப்பது என் தலைப்பு. கூடப் படித்தவர்கள் எல்லோரும் பேட்டரி வண்டிக்குப் போய்விட்டபோது நான் மட்டும் இதைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். ஸ்கூட்டர் மாறிவிட்டது, மொபெட் மாறிவிட்டது, நீ யாருக்காக இதைச் செய்கிறாய் என்பதுதான் அவர் கேள்வி.

அன்று காலை திருத்தணியில் நான் ரயில் ஏறும்போது அந்தச் செத்துப்போன எஞ்சினின் புகை என் துப்பட்டாவில் நாறிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு வாசலில் நைனா அதைக் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு, முதுகில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருந்தார்.

நைனா என்றால் அப்பா. ஆந்திரா எல்லைக்குப் பக்கத்து ஊர், பாதி வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். அவருடைய வேலை மருந்து அடிப்பது. பள்ளிப்பட்டு ரோட்டு மாந்தோப்புகளில் பூ விடுகிற காலத்தில் அவருக்கு மூச்சு விட நேரமிருக்காது. மற்ற நாளில் நெல், கரும்பு, வேர்க்கடலை, யார் கூப்பிட்டாலும் போவார். மருந்து மிஷினை ஸ்கூல் பை மாதிரி முதுகில் மாட்டிக்கொள்ள வேண்டும். மேலே மருந்து டப்பா, கீழே இடுப்புக்குப் பின்னால் எஞ்சின். காற்று திரும்பினால் எஞ்சின் புகை நேராக முகத்துக்கு வரும். மருந்துக்குப் பயந்து மூக்கில் ஈரத்துண்டு கட்டுவார். புகைக்கு என்று அவர் எதையும் கட்டிக்கொண்டதில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது இருமல் ஆரம்பிக்கும். அம்மா சொம்பை நகர்த்தி வைப்பாள். அவ்வளவுதான் எங்கள் வீட்டில் அதற்கு நடந்த வைத்தியம்.

இதை அந்த அறையில் நான் சொல்லவில்லை. அழுது காரியம் சாதிக்கிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பதில், வீட்டுக்குத் திரும்பி வரும் வழியில் ஒரு முடிவு எடுத்தேன். யாருடையதோ எஞ்சின் வேண்டாம். நைனாவின் எஞ்சினையே ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாக வைப்பேன், அதன் புகை அதில் ஏறியே தீரும். பின்னால் அந்த ஓர் அத்தியாயத்தை நீக்கினால்தான் பட்டம் என்று வந்து நின்றபோது, விட்டுக்கொடுக்கவே முடியாத இடத்துக்கு நான் போய்ச் சேர்ந்திருந்தேன்.

இந்த எஞ்சினுக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள ஆடிக்கிருத்திகை அன்று எங்கள் ஸ்டேஷனுக்கு வந்தால் போதும். காவடியும் மொட்டைத் தலையுமாக ஒரு கூட்டம் ரயிலை விட்டு இறங்கும். அவர்கள் இறங்கி முடிக்கும் வரை பொறுக்காமல் இன்னொரு கூட்டம் முண்டியடித்து ஏறும். ஏறினவரில் சிலர் அந்த நெரிசலில் எதிர்க் கதவு வழியாகத் தண்டவாளத்துப் பக்கம் இறங்கியும் விடுவார்கள். டூ ஸ்ட்ரோக்கும் அப்படித்தான். எரிந்த புகை வெளியே போவதும், பெட்ரோலும் ஆயிலும் கலந்த புதுக் காற்று உள்ளே வருவதும் ஒரே நேரத்தில். இரண்டு வாசலும் திறந்தே இருக்கும். புதிதாக வந்ததில் ஒரு பங்கு எரியாமலே புகையோடு சேர்ந்து ஓடிவிடும். நைனா மூச்சில் இழுத்தது அந்தப் பங்கையும்தான்.

என் வேலை அந்த ஓட்டத்தைப் பிடிப்பது. பழைய சாமான் கடையில் அதே மாடல் மிஷினின் சிலிண்டர் ஒன்று கிடைத்தது. மெழுகுவர்த்தியை உருக்கி அதன் வாசல்களில் ஊற்றி, ஆறியதும் பிடுங்கி, அந்த மெழுகுக் கட்டியை அளந்து கம்ப்யூட்டரில் வரைந்தேன். பிறகு உள்ளே இருக்கும் வெளியை லட்சக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்று எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு சூடு, அதில் புதுசு எவ்வளவு, பழசு எவ்வளவு என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். பிஸ்டன் ஒரு தடவை மேலே போய்க் கீழே வருவது நிஜத்தில் கண் இமைக்கிற நேரம் கூட இல்லை. எங்கள் லேப் கம்ப்யூட்டருக்கு அது நான்கு நாள் வேலை. மூன்றாவது நாள் கரண்ட் போனால் முதலில் இருந்து. ஸ்விட்ச் போர்டில் "தொடாதீர்கள்" என்று தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று எழுதி ஒட்டியிருந்தேன். அதற்கும் என்னைக் கிண்டல் செய்தார்கள்.

கணக்கு சரியா என்று பார்க்க நிஜப் புகையை அளக்க வேண்டுமே. நைனாவின் மிஷினை அம்மாவும் நானும் ஆட்டோவில் வைத்து அரக்கோணம் ரோட்டில் ஒரு வாகனப் புகை பரிசோதனைக் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் மிஷினைச் சுற்றி வந்து பார்த்தார்.

"வண்டி நம்பர் இன்னா?"

"இது வண்டி இல்லீங்க. மருந்து மிஷின்."

"நம்பர் போட்டாத்தான் கம்ப்யூட்டரு உள்ளயே உடும்மா."

நம்பர் இல்லாத எதுவும் இந்த நாட்டில் புகை விடுவதில்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் தன் பைக் நம்பரையே போட்டு மீட்டரைத் திறந்துவிட்டார், சான்றிதழ் கேட்காதே என்ற நிபந்தனையோடு. அதன் குழாயை மிஷினின் புகைக்குழாயில் செருகியதும் மீட்டர் எகிறியது. என் கம்ப்யூட்டர் சொன்னதற்கும் அதற்கும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை. என் கணக்குப்படி அந்த எஞ்சின் சுமாரான பிள்ளை. மீட்டரின்படி பொறுக்கி.

அடுத்த இரண்டு மாதம் எனக்குப் பித்துப் பிடித்த மாதிரி இருந்தது. கட்டங்களைப் பொடியாக்கினேன். வாயுவின் சுழற்சிக்கு வேறு சூத்திரம் போட்டேன். எதுவும் அசையவில்லை. என் வழிகாட்டியான பேராசிரியர் நல்ல மனிதர், ஆனால் சண்டை என்றால் பத்தடி தள்ளி நிற்பார். "சூத்திரத்துல ஒரு மாறிலியை கொஞ்சம் தூக்கிடும்மா, மேட்ச் ஆயிடும். எல்லாரும் பண்றதுதான்" என்றார். எல்லோரும் செய்கிறார்கள் என்பதாலேயே எனக்கு அது பிடிக்கவில்லை.

பதில் எங்கள் வாசலிலேயே கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் விளக்கிக்கொண்டே நைனா பெட்ரோல் கலக்குவதைப் பார்த்தேன். மிஷினோடு வந்த புத்தகத்தில் கேனுக்கு இரண்டு மூடி ஆயில் என்று போட்டிருக்கிறது. நைனா முதல் மூடியை ஊற்றினார்.

"லாபம்."

இரண்டாவதை ஊற்றினார். "ஒண்ணு."

மூன்றாவதை ஊற்றினார். "ரெண்டு." மூடியைத் திருகி வைத்துவிட்டுக் கேனைக் குலுக்கினார்.

எனக்கு நுரை தொண்டையில் இறங்கிவிட்டது. களத்தில் நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். ஆனால் அடுத்தது இரண்டு. பெயர்தான் மாறுமே தவிர அளவு தப்பாது. நைனா லாபத்தை எண்ணிக்கையிலேயே சேர்க்கவில்லை.

"இன்னா நைனா, நெல்லு அளந்தா லாபம், ரெண்டுன்னுதான சொல்லுவ? ஆயிலுக்கு மட்டும் இன்னா புதுக் கணக்கு?"

"நெல்லு நாம எடுத்துக்கறது. இது மிஷினுக்குக் குடுக்கறது. குடுக்கறதுல போயி கணக்கு பாப்பாங்களா?"

"புத்தகத்துல ரெண்டுதான் போட்டுகீது."

"புத்தகம் எழுதனவன் வந்து மருந்து அடிக்கிறானா? அந்த வருசம் பூ சீசன்ல ஆயிலு பத்தாம பிஸ்டன் புடிச்சிக்கினு நின்னுபூட்ச்சே, பதினஞ்சு நாளு வூட்ல குந்திகினு இருந்தனே, அப்ப எங்க போனான் அவன்? கடையில குடுக்கற ஆயிலு நெசமான ஆயிலான்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. அன்றைக்கே எங்கள் ஊரில் மருந்து அடிக்கிற மற்ற ஐந்து பேரையும் போய்க் கேட்டேன். ஐந்து பேரும் மூன்று மூடிதான். ஒருவர் மட்டும் கூடுதல் மூடியை மலைமேல் இருக்கிற முருகன் பேரில் ஊற்றுவதாகச் சொன்னார்.

பிறகுதான் மண்டையில் அடித்த மாதிரி இன்னொன்று உறைத்தது. நான் மெழுகு ஊற்றி அளந்த சிலிண்டரைப் பழைய சாமான் கடைக்காரர் மண்ணெண்ணெயில் கழுவி, சுரண்டி, பளபளவென்று என் கையில் கொடுத்திருந்தார். நான் அதைத்தான் எஞ்சின் என்று நம்பி இரண்டு வருஷமாகக் கணக்குப் போட்டிருக்கிறேன். நைனாவைக் கெஞ்சி ஒரு நாள் வேலையை விடச் சொல்லி, அவர் மிஷினின் சிலிண்டரைக் கழற்றினேன். கூடுதல் ஆயில் எரிந்த கரி புகை வாசலைச் சுற்றித் தடித்துப்போய், வாசலே ஏறக்குறைய பாதியாகியிருந்தது. மெழுகு ஊற்றி எடுத்தால் தேய்ந்த சோப்புக் கட்டி மாதிரி ஒரு கோணல் உருவம் வந்தது. அதை வரைந்து, மூன்று மூடி ஆயிலையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். நான்காம் நாள் வந்த எண் மீட்டருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. வாசல் குறுகியதால் பழைய புகை உள்ளேயே தங்கிவிடுகிறது. அதனால் புதுசு சரியாக எரிவதில்லை. எரியாததெல்லாம் வெளியே, நைனாவின் முகத்துக்கு. லேப்பில் யாரும் இல்லை. இருந்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். மூத்த உறுப்பினர் கவனமாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "கண்டுபிடிச்சது சரி. ஆனா இது யூசர் மிஸ்டேக்மா" என்றார். "ரெண்டு மூடின்னு புத்தகத்துல இருக்கு. படிக்காத ஜனங்க மூணு ஊத்தினா அதுக்கெல்லாம் நாம டிசைன் பண்ண முடியாது. மிஷின்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லி ஒரு வரி எழுதிடுங்க. இந்த அத்தியாயத்தை நீக்கிட்டு வாங்க, கையெழுத்து போடறேன்."

படிக்காத ஜனங்க என்றதில் எனக்குக் காது சூடாகிவிட்டது. இந்த முறை சிரிக்கவில்லை.

"சார், புத்தகத்துல இருக்கிற எஞ்சின் எங்க தாலுகாவுல ஒண்ணு கூட இல்ல. நான் தேடிப் பார்த்துட்டேன். இல்லாத எஞ்சினுக்கு புகையக் குறைச்சு நான் இன்னா பண்றது?"

பதற்றத்தில் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. யாரோ இருமினார்கள். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்தார். கையெழுத்து இல்லை.

என் பதிவுக் காலம் முடிய ஒரு கூட்டம்தான் பாக்கி. அதிலும் கையெழுத்து விழாவிட்டால் பதிவு ரத்து, ஐந்து வருஷமும் தண்ணீரில். வராந்தாவில் வழிகாட்டி என்னை நிறுத்தினார். "விட்டுடும்மா. முதல்ல பட்டத்தை வாங்கு. அந்த அத்தியாயத்தை அப்புறம் தனிக் கட்டுரையா போட்டுக்கலாம்." நியாயமான யோசனைதான். வீட்டில் சொன்னபோது அம்மாவும் அதையேதான் சொன்னாள். நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. முதுகில் எஞ்சினைச் சுமக்கிறவர் செய்வது பிழை என்று சொல்லி அவரை ஆய்வேட்டை விட்டு வெளியே தள்ளிவிட்டு, அவர் மூச்சுக்காகத்தான் ஆராய்ச்சி செய்தேன் என்று மேடையில் பட்டம் வாங்க எனக்கு முகம் இல்லை.

மிச்சமிருந்த மாதங்களில் ஒரே கேள்வியைத்தான் கம்ப்யூட்டரிடம் கேட்டேன். மூன்று மூடி ஊற்றுவார்கள், கரி கட்டும், வாசல் அடைபடும். இதையெல்லாம் வைத்துக்கொண்டு புகையைக் குறைக்க முடியுமா? புதுக் கலவை புகை வாசலைப் பார்த்து ஓடாமல் எதிர்ச் சுவரை ஒட்டி மேலே ஏறும்படி உள்வழியைச் சாய்த்துப் பார்த்தேன். கரி பாதி அடைத்தாலும் பழைய புகை தப்பிப் போகப் புகை வாசலின் வடிவத்தை மாற்றினேன். முப்பதுக்கு மேல் வடிவங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு நாள். தேறியது ஒன்று. திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லேத்து வைத்திருப்பவர் என் படத்தைப் பார்த்துப் பார்த்து, ஒரு புது சிலிண்டரைத் தேய்க்க வேண்டிய இடத்தில் தேய்த்து, பூச வேண்டிய இடத்தில் பூசித் தந்தார். அதை வேறொரு மிஷினில் மாட்டிச் சில வாரம் மூன்று மூடியிலேயே ஓட்டிக் கரி கட்டவும் விட்டேன்.

கடைசிக் கூட்டத்து நாளன்று நைனாவின் மிஷினைப் பெட்ரோல் வடித்துவிட்டு ரயிலில் ஏற்றினேன். பொதட்டூர்பேட்டை தறி லுங்கிகளைக் கட்டாகக் கட்டி விற்க எடுத்து வந்த ஒருவர், ஆயில் பட்டுவிடுமென்று கட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "இன்னாம்மா, கொசு மருந்தா?" என்று ஒரு அம்மா கேட்டார். "ஆங், பெரிய கொசுவுக்கு" என்றேன்.

குழுவை அறையை விட்டு கல்லூரி முகப்புக்கு வரச் சொன்னேன். வந்தார்கள். பக்கத்துப் பங்க்கில் கேனில் வாங்கி மூன்று மூடி ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றிக் கயிற்றை இழுத்தேன், ஸ்டார்ட் ஆகவில்லை. ஐந்து தடவை இழுத்தும் ஆகவில்லை. வியர்த்துக் கொட்டியது. ஆறாவது இழுப்பில் பிடித்தது. நீலப் புகை முகப்பு முழுக்கச் சூழ்ந்தது. மூத்த உறுப்பினர் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்தினார்.

"போதும், ஆஃப் பண்ணும்மா."

நான் நிறுத்தவில்லை.

"ஆஃப் பண்ணுங்க, தெரிஞ்சுடுச்சு!"

"ரெண்டு நிமிஷம்தான் சார் ஆகுது. எங்க அப்பா காலைல ஏழுல இருந்து மத்தியானம் வரைக்கும் மாட்டிக்கினு நிப்பாரு."

சுத்த அடங்காப்பிடாரித்தனம்தான். தெரிந்தே செய்தேன். பிறகு நிறுத்தி, ஆற விட்டு, ஸ்பேனரால் சிலிண்டரைக் கழற்றி, கரி பிடித்த என் சிலிண்டரை அவர்கள் கண் முன்னால் மாட்டினேன். அதே கேன், அதே மூன்று மூடிக் கலவை. புகை வந்தது, ஆனால் எதிரே நிற்பவர் முகம் தெரிந்தது. லேப்புக்குப் புதிதாக வந்திருந்த புகை மீட்டரின் எண் பழையதில் பாதிக்கும் கீழே இறங்கி நின்றது. அவர் கைக்குட்டையை எடுத்துவிட்டுக் குனிந்து, புகைக்குழாய்ப் பக்கம் காதைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். எஞ்சின் மனிதர், எவ்வளவு கோபத்திலும் அது போகவில்லை.

"ரெண்டு மூடி ஊத்தினா இன்னும் குறையுமே" என்றார்.

"குறையும் சார். யாரும் ஊத்த மாட்டாங்க."

அறைக்குத் திரும்பியதும் பேரம் ஆரம்பித்தது. அத்தியாயம் இருக்கட்டும், தலைப்பை மட்டும் "தவறான பயன்பாடு" என்று மாற்றிவிடு என்றார். நான் "வழக்கமான பயன்பாடு" என்று வைத்திருந்தேன். மாற்ற முடியாது என்றேன். அப்போது, ஐந்து வருஷத்தில் முதல் முறையாக, பத்தடி தள்ளி நிற்கிற என் வழிகாட்டி வாய் திறந்தார். "தலைப்பு அப்படியே இருக்கட்டும் சார். என் பொறுப்பு." மூத்த உறுப்பினர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார்.

மறுநாள் காலை நைனா மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "இன்னா பண்ணி வச்சிருக்கற இத்த? பிஸ்டன் புடிச்சிக்காதே?" என்று இரண்டு தடவை கேட்டார். பிடித்துக்கொள்ளாது என்றேன். நம்பாமலே கேனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

லாபம். ஒண்ணு. ரெண்டு.

வழக்கமாக இந்த இடத்தில் நான் கத்த ஆரம்பிப்பேன். மூன்றாவது மூடியை ஊற்றாமல் கையில் வைத்துக்கொண்டு, கத்தட்டும் என்று என்னைப் பார்த்துக் காத்திருந்தார்.

"இன்னா, இன்னிக்கி ஒண்ணும் சொல்லல?"

"ஊத்து நைனா" என்றேன். "அந்த மூடியும் கணக்குல கீது."